ஓடும் காரில் உயிர்காக்கும் பட்டை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். "இந்தக் கொஞ்சத் தூரத்துக்கு சீட் பெல்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான விடையை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் கொண்டே கணக்கிட்டு அறியலாம்.

கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 192 அடி, அதாவது 59 மீட்டர். அதன் உச்சியிலிருந்து ஒரு கல் விழுவதாக வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 122 கி.மீ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தைப் பெற 14 மீட்டர் உயரமே போதும். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஆக, 60 கி.மீ. வேகத்தில் சாலையோரப் புளியமரத்தில் மோதுவதும், கோபுரத்தின் கால்பங்கு உயரத்திலிருந்து விழுவதும் ஒன்றே.

பட்டை என்ன செய்கிறது?

மோதிய காரின் முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்று கொள்வோம். பட்டை அணிந்தவர் காரோடு சேர்ந்து அந்த 60 செ.மீ. தூரத்தில் நிற்கிறார். அவருடைய எடை 60 கிலோ என்றால், உடல்மீது செயல்படும் விசை ஏறத்தாழ 1,400 கிலோ எடைக்குச் சமம். மார்பெலும்பும் இடுப்பெலும்பும் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பட்டை அணியாதவரோ நிலைமத்தால் அதே வேகத்தில் முன்னே பாய்ந்து, எதிரே உள்ள பலகையில் மோதி, 5 செ.மீ. தூரத்துக்குள் நிற்க நேரிடும். அப்போது விசை 12 மடங்கு. அதாவது சுமார் 17 டன்! பின்னிருக்கையில் இருப்பவருக்கும் இதே விதிதான்.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய மும்முனைப் பட்டையை 1959-இல் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார்.

பந்தயக் கார்களில்

இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் போன்ற பந்தயத் தடங்களில் ஓடும் கார்களில் ஆறு முனைப் பட்டைகளைக் காணலாம். கால்களுக்கிடையே வரும் பட்டைகள், இடுப்புப் பட்டைக்கடியில் உடல் நழுவாமல் தடுக்கின்றன. கிண்ணம் போன்ற இருக்கை பக்கவாட்டில் அணைத்துக்கொள்கிறது. தோள் அசையாதபோது தலை மட்டும் முன்னே பாய்ந்தால் கழுத்து முறியுமல்லவா? அதனால் தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் 'ஹான்ஸ்' என்ற கருவி, 2003-இல் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் கட்டாயமாக்கப்பட்டது. கார் உருண்டாலும் கூரை நசுங்காதபடி எஃகுக் குழாய்க் கூண்டும் உண்டு.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து வீட்டுக் காரில் பொருத்தலாமா? கூடாது. கூண்டில்லாத காரில் ஆறு முனைப் பட்டையால் நிமிர்ந்தபடி கட்டுண்டவர், கூரை நசுங்கும்போது குனியவும் முடியாது. தலைக்கவசம் இல்லாதவருக்கோ கூண்டின் குழாயே சம்மட்டி. இருக்கையை மாற்றினால் அதிலுள்ள பக்கக் காற்றுப்பையும் போய்விடும். மெல்லிய தரைத் தகட்டில் வெறும் போல்ட்டால் முடுக்கிய இருக்கை, மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். பந்தயக் காரின் பாதுகாப்பு என்பது எல்லாம் சேர்ந்த ஒரே அமைப்பு.

நிற்கும் காரில் சோதித்துப் பாருங்கள். பட்டையை மெதுவாக இழுத்தால் வரும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். ஆபத்து வந்த கணத்தில் அது தானாகவே விழித்துக்கொள்ளும். அணிந்துகொள்வது மட்டுமே நம் வேலை.