குடல்வாயும் கந்தோர் வேலையும்

பெருங்குடலில் நோய் முற்றியவிடத்து, எஞ்சிய குடலின் முனையை வயிற்றின் வழியே வெளிக்கொணர்ந்து தைப்பர் வைத்தியர். இதுவே குடல்வாய். அடக்கும் தசை அதற்கில்லை. கழிவு தன் போக்கில் வெளியேறும். இச்சிகிச்சை பெற்று, வெளியே செல்ல அஞ்சி ஒடுங்கிய தம் சகோதரிக்காகவே, 1954ஆம் ஆண்டில் டென்மார்க்குத் தாதி எலிசே சோரன்சன் தோலில் ஒட்டும் பையைச் சிந்தித்தார்.

குண்டசாலையிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக் கந்தோருக்குச் செல்லும் எழுதுவினைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சபையிலே மானம் போகுமோ என்றஞ்சிக் காலையுணவை விடுகிறார். விளைவோ நேர்மாறு! வெறுங்குடலிலே வாயு மிகும், ஓசையும் மிகும். நேரந் தவறாது உண்பதே நன்று. பை மூன்றிலொரு பங்கு நிரம்பியதும் வெறுமையாக்கல் வேண்டும். பஸ் ஏறுமுன் அதனைச் செய்தல் உத்தமம். மாற்றுப் பையும் துணியும் கைப்பெட்டியிலிருக்கட்டும். வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைத்தால் பசை இளகிவிடும்.

தோட்டவேலை செய்வோர் வைத்தியர் அனுமதிக்கும்வரை பாரம் தூக்கலாகாது. குடல்வாயருகே குடலிறக்கம் நேரும். சிறுகுடலில் வாய் வைக்கப்பட்டோர்க்கு நீரும் உப்பும் விரைந்து குறையும். உப்பிட்ட கஞ்சி உதவும்.

யாரிடம் சொல்வது? அது அவரவர் விருப்பம். வேண்டும்போது எழுந்து செல்ல இசைவு பெறும் பொருட்டு மேலதிகாரி ஒருவர் அறிந்திருந்தாற் போதும். அடுத்த மேசைக்காரர் அறிய வேண்டியதில்லை.