பொதுஜனங்களின் பாடகர் யார்?

ஒரு பாடகரைப் பொதுஜனங்களின் கலைஞர் என்று எப்பொழுது கூறலாம்? இக்கேள்விக்கு இந்நாளில் இரு விடைகள் கிடைக்கின்றன. இத்தனை கோடிப் பேர் கேட்டார்கள், ஆகவே இவர் பொதுஜனங்களின் கலைஞரே என்று தொகையைக் காட்டுவோர் ஒரு சாரார். பாமரர் விரும்புவது தரத்தில் தாழ்ந்ததாகவே இருக்கும், ஆகவே அப்பட்டம் பெருமைக்குரியதன்று என்போர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் பிழையானவை என்பதே நமது அபிப்பிராயம். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் வரலாறே இதற்குப் போதிய சான்றாகும்.

1908-ஆம் ஆண்டில் வறிய குடும்பத்திற் பிறந்த அம்மையார், சிறு வயதிலேயே நாடகமேடை ஏறியவர். அக்காலத்து நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி கிடையாது. கோடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு எட்டவேண்டும். பாட்டு மட்டுமன்று, பாட்டின் ஒவ்வொரு சொல்லும் எட்டவேண்டும். ஏனெனில் கதை பெரும்பாலும் பாட்டாலேயே நடந்தது. சொல் தவறினால் கதை தவறும். இந்தக் கடுமையான பள்ளியிலேதான் அம்மையாரின் கணீரென்ற குரலும், எழுத்து எழுத்தாகத் தெளிந்த உச்சரிப்பும் உருவாயின. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் சேர்ந்து நடித்த நாடகங்களைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஜனங்கள் திரண்டு சென்று கேட்டனர். கொட்டகைக்கு வர இயலாதவரிடம் அக்குரலை இசைத்தட்டுகள் கொண்டு சேர்த்தன.

1933-ல் கிட்டப்பா 27 வயதிலேயே காலமானார். அம்மையார் அன்று முதல் வெள்ளாடை உடுத்தி, ஆடவருடன் ஜோடியாக நடிப்பதைத் துறந்தார். 1935-ல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் அவர் ஆண் வேடமே பூண்டார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. இங்கே காரணம் எது, காரியம் எது என்று தெளிதல் வேண்டும். லட்சம் ரூபாய் அவரைப் பிரபலமாக்கவில்லை. ஜனங்கள் அவரை முன்னமே தம்மவராக ஏற்றிருந்தமையாலன்றோ முதலாளி லட்சம் கொடுக்கத் துணிந்தார்! விளம்பரத்தால் கலைஞரை ஆக்கிவிடலாம் என்று கருதும் இந்நாளைய வியாபாரிகள் இதனைச் சிந்திப்பார்களாக.

சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் இக்குரலின் வலிமையை உணர்ந்தனர். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது காங்கிரஸ் மேடைகளில் அம்மையார் பாடினார். டிக்கெட் வாங்க வகையில்லாத ஏழைக் குடியானவரும் அங்கே அவரைக் கேட்டனர். 1951-ல் அவர் சென்னைச் சட்ட மேலவையில் இடம்பெற்றார். இதனை ஒரு நடிகைக்குக் கிடைத்த அலங்காரப் பதவியாக மட்டும் கருதுவது பொருந்தாது. தேசத்தின் காரியத்திற்கு அவர் குரல் பயன்பட்டது என்பதற்கு இது ஓர் அடையாளமாகும்.

இனி, பொதுஜனங்களுக்கு உகந்தது தாழ்ந்ததாகவே இருக்கும் என்போருக்கு ஒரு வார்த்தை. அம்மையார் பெயர் பெற்ற விருத்தத்தை எடுத்துக்கொள்வோம். விருத்தத்திற்குத் தாளத்தின் துணையில்லை. ராகத்தின் போக்கும் சொல்லின் பொருளும் இணைந்தே அதனை நடத்தவேண்டும். இது எளிய வித்தையன்று. ராகத்தின் பெயர் அறியாத லட்சக்கணக்கானோர் அதனைக் கேட்டு உருகினர். சொல் விளங்கியமையால் அவர்கள் ராகத்தினுள்ளும் புகுந்தனர். அம்மையார் இசையைத் தாழ்த்தவில்லை. உள்ளே வருவதற்கு வழி திறந்து விட்டார். அவ்வளவே.

1953-ல் வெளிவந்த ‘ஔவையார்’, 1965-ல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ ஆகிய படங்களுக்குப் பின், ஔவை என்றாலே அவர் முகமும் குரலும் தமிழர் மனக்கண்முன் வந்து நிற்கலாயின. 1980-ல் அம்மையார் மறைந்தார். ஆயினும் முருகன் கோயில் திருவிழாக்களில் அக்குரல் இன்றும் ஒலிக்கிறது. அதைக் கேட்டுக் கைகூப்பும் இளைஞருள் பலர் அவர் பெயரையும் அறியார். பெயர் மறந்தபின்னும் குரல் வழிபாட்டிற்கு உதவுகின்றதெனில், அதனினும் பெரிய பொதுவுடைமை கலைஞருக்கு வேறு யாது?

ஆகவே, எத்தனை பேர் கேட்டனர் என்பது முதற் கேள்வியேயன்றி முடிவான கேள்வியன்று. கேட்டவர்கள் அப்பாட்டைத் தம் பக்திக்கும், துக்கத்திற்கும், ஊர்க் காரியத்திற்கும் எடுத்துக்கொண்டார்களா என்பதே அளவுகோல். இளம் பாடகர்கள் புகழைத் தேடுமுன் சொல்லைத் தெளிவாக்கட்டும். சபையின் கோடியில் உட்கார்ந்திருப்பவரை நினைந்து பாடட்டும். அவரை எட்டிய பாட்டைக் காலம் அவ்வளவு எளிதில் கைவிடாது.