ஜிம்முக்கு காசு எதுக்கு... பீச் ரோடு இருக்கே!

புதுச்சேரி:
ஸ்கூல் விட்டதும் 5 ரூபாய் சிப்ஸ் பாக்கெட். வீட்டுக்கு வந்தால் செல்போன். கூலி வேலைக்கு போன அம்மா, அப்பா திரும்பும் வரை பல வீட்டு பிள்ளைகளின் நிலை இதுதான்.

சிப்ஸில் வயிறு நிறையும், சத்து சேராது. வளரும் வயசில் இரும்புச்சத்து குறைந்தால் ரத்தசோகை வரும். படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கும். பாடமும் மண்டையில் ஏறாது. மாதவிலக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம்.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களை பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என 2020-ல் மத்திய அரசின் உணவு பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. ஆனால் தெருமுனை பெட்டிக்கடைக்கு யார் காவல்? பெத்தவங்கதான் பார்க்கணும்.

பெரிய செலவு இல்லை. கொண்டைக்கடலை சுண்டல், வேர்க்கடலை, முருங்கைக்கீரை, நெத்திலி போதும். அரசு பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை தூக்கி போடாமல், சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும்.

தினமும் 1 மணி நேரம் ஓடி ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடம்? கடற்கரை சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளுக்கு தடை. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பிள்ளைகளுக்கு கூப்பிடு தூரம்தான். டிக்கெட் கிடையாது. செல்போனை வாங்கி வச்சுட்டு பிள்ளையை கூட்டிட்டு போங்க. நீங்களும் சேர்ந்து நடங்க!