ஆரணிப் பட்டும் இரண்டு பர்சன்ட்டும்

ஆரணியானாலும் காஞ்சிபுரமானாலும், முகூர்த்தப் பட்டுக்கு விலை பேசி முடித்துக் கிரெடிட் கார்டை நீட்டினால், "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேருங்க" என்று சொல்லும் கடைகள் உண்டு. ரூ.20,000 சேலைக்கு 400 ரூபாய். கடைக்காரர் அடிக்கும் கொள்ளை என்று சட்டென்று தோன்றும். ஆனால் கார்டு மெஷின் கொடுத்த வங்கி, ஒவ்வொரு விற்பனையிலும் எம்.டி.ஆர். என்ற கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கடையின் கணக்கில் போடுகிறது. கிரெடிட் கார்டுக்கு அது பல கடைகளுக்கு 2 சதவீதத்தை ஒட்டி வரும். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. அந்தக் கணக்கில் நம் சேலைக்குப் போவது 472 ரூபாய். இதில் பெரும்பங்கு கார்டு வழங்கிய வங்கிக்குச் சேருகிறது. நாம் பெருமையாகச் சேர்த்து வைக்கும் ரிவார்டு பாயின்ட்டுகளுக்கு அங்கிருந்துதான் பெருமளவு பணம் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? டெபிட் கார்டு விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. 2012இல் ரிசர்வ் வங்கி டெபிட் கார்டு எம்.டி.ஆருக்கு உச்சவரம்பு வைத்தது. வாடிக்கையாளரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது நியாயமல்ல, அப்படி வாங்கும் கடைகளோடு வங்கிகள் உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்று 2013இல் கறாராகச் சொன்னது. 2018 ஜனவரி முதல் சிறு கடைகளுக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90 சதவீதம் என்று வரம்பை மாற்றி, அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்றது. 2020 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் எம்.டி.ஆரே கிடையாது. கிரெடிட் கார்டுக்கு இப்படியொரு வரம்பு இல்லை. கூடுதலாக வாங்கக்கூடாது என்பது பொதுவாக வங்கியும் கடையும் போடும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகக் கிடக்கிறது. கல்லாவுக்கு முன் நிற்பவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்.

என் வாதம் வரிசையைப் பற்றியது: முதலில் வங்கியின் கட்டணத்துக்குக் கடிவாளம், பிறகுதான் கடைக்குத் தடை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வழியில்தான் போனது. கார்டு கொடுத்த வங்கி எடுக்கும் பங்கை 2015இல் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதமாகக் கட்டிப்போட்டது. 2018 ஜனவரியில் அத்தகைய கார்டுகளுக்குக் கடைகள் கூடுதலாக வாங்குவதைத் தடுத்தது. நாமும் டெபிட் கார்டுக்கு இதையே செய்தோம். வரம்பு வைக்காமல் தடை மட்டும் போட்டால் அந்த 472 ரூபாய் எங்கும் போய்விடாது; சேலையின் விலைக்குள் ஒளிந்துகொள்ளும். அப்போது பணமாக எண்ணிக் கொடுப்பவரும், கார்டே வைத்திராதவரும், அடுத்தவரின் கேஷ்பேக்குக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

கார்டு இருப்பதால்தானே விற்பனை கூடுகிறது, செலவைக் கடைக்காரரே ஏற்கட்டும் என்பார்கள். பெருநகரத்துப் பெரிய ஜவுளிக்கடை அதைத் தாங்கும். விற்பனை அளவைக் காட்டி வங்கியிடம் கட்டணத்தைக் குறைக்கவும் பேசும். பட்டு நூல், ஜரிகை, நெசவுக் கூலி எல்லாம் போக மிஞ்சுவதில் பிழைக்கும் ஆரணிச் சிறு கடைக்கும், சொந்தத் தறிச் சேலையைத் தானே விற்கும் நெசவாளருக்கும் அப்படிப் பேரம் பேசும் பலம் ஏது? வரம்பு வந்தால் ரிவார்டு பாயின்ட்டுகள் சுருங்கும் என்பது உண்மைதான். அதற்காக வருந்த எனக்குக் காரணம் தெரியவில்லை.

வலுவான ஆட்சேபம் வேறு: வரம்பு வரும்வரை கூடுதல் கட்டணத்தை அனுமதித்தால் 2 சதவீதம் ஆகும் இடத்தில் 3 வாங்குவார்களே? வாங்குவார்கள். ஆஸ்திரேலியா 2003இல் கூடுதல் கட்டணத்தை அனுமதித்தபோது சிலர் செலவுக்கு மேல் கறந்தார்கள். 2016இல் உண்மையான செலவைத் தாண்டக்கூடாது என்று சட்டமே போட வேண்டிவந்தது. இங்கும் அப்படியொரு விதியோடு, தொகை கடை வாசலிலேயே எழுதப்பட்டு, பில்லிலும் தனி வரியாக வர வேண்டும். இப்போது பில்லில் 20,000 என்றும் மெஷின் துண்டுச் சீட்டில் 20,400 என்றும் இருந்தால், இடையிலுள்ள 400 ரூபாய் பில் கணக்கில் தெரியாது. அதற்கு வரி கட்டாமலும் விட்டிருக்கலாம். இந்த இரண்டு தாள்களும்தான் வாடிக்கையாளரின் சாட்சி. மெஷின் கொடுத்த வங்கியிடமோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யும்போது இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.