ஸ்டெப்னி ஏன் சின்னதா இருக்கு?

போன சித்திரையில் திருச்சியிலிருந்து சென்னை திரும்பிக்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டியபோது இரவு ஒன்பது மணி இருக்கும். முன்பக்க இடது டயர் பஞ்சர். காரை ஓரங்கட்டி, பார்க்கிங் லைட்டைப் போட்டு, எல்லாரையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்தேன். இரண்டு சூட்கேஸ், முறுக்கு டின், ஊரிலிருந்து ஏற்றிய அரை மூட்டை அரிசி என எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் ஸ்டெப்னி கண்ணில் பட்டது.

காரில் ஓடுகிற நான்கும் பளபளக்கும் 16 இன்ச் அலாய் வீல்கள். உள்ளே இருந்ததோ கறுப்பு இரும்பு வீல், 14 இன்ச். அதன் மேல் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். வண்டி வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அன்றுதான் அதை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

“என்னங்க, இது நம்ம வண்டியோடதுதானா?” என்றாள் மனைவி.

“ஏமாத்திட்டான் மாப்ளே” என்று மாமனார் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

ஏமாற்றவில்லை. இன்று நம் ஊரில் விற்கும் பல கார்களில், குறிப்பாக மேல் வேரியன்ட்களில், ஸ்டெப்னி இப்படித்தான் வருகிறது. விலையும் எடையும் குறையும், டிக்கியில் இடமும் மிஞ்சும். 2020 அக்டோபரிலிருந்து, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே இல்லாமல் கார் விற்கவும் விதி இடம் கொடுக்கிறது.

சரி, 16 இன்ச் இருக்கிற இடத்தில் 14 இன்ச் மாட்டினால் வண்டி ஒருபக்கம் சாயாதா? டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படித்தால் விடை கிடைக்கும். என் காரில் 195/55 ஆர்16. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவிகிதம், நடுவில் ரிம் 16 இன்ச். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ. ஸ்டெப்னியில் 165/80 ஆர்14 என்று இருந்தது. ரிம் சின்னது, ஆனால் பக்கச்சுவர் உயரம். மொத்தம் சுமார் 620 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! ஆக, பார்க்க வேண்டியது ரிம் அளவை அல்ல, டயரின் வெளி உயரத்தை.

உயரம் சமம் என்றால் 80 கட்டுப்பாடு எதற்கு? அகலத்துக்காக. ஒரு பக்கம் 195, மறுபக்கம் 165. சாலையைப் பிடிக்கும் பிடிமானம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. மழையில் திடீரென்று பிரேக் அடித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கலாம்.

என் பிரச்னை வேறு. மாட்டி முடித்து ஜாக்கியை இறக்கியதும் ஸ்டெப்னி பாதி நசுங்கி உட்கார்ந்தது. மூன்று வருடமாக அதில் யாரும் காற்று பார்க்கவில்லை. ‘யாரும்’ என்றால் நான்தான். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, லாரிகள் நிற்கும் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தோம்.

“உங்களுது பரவாயில்லண்ணே” என்றார் கடைக்காரத் தம்பி. “சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியா ஒண்ணு வருது பாருங்க, அதை முன்னாடி மாட்டிக்கிட்டு நூறுல வர்றாங்க. கேட்டா, அவசரம்ங்கிறாங்க.”

ஒல்லி டயர் முன்னால் வேண்டாம்

அவர் சொன்னது ‘ஸ்பேஸ் சேவர்’ வகை. உதாரணத்துக்கு 125/80, 15 இன்ச் என்றால் உயரம் சுமார் 581 மி.மீ. பக்கத்துச் சக்கரம் 621. இந்த 40 மி.மீ வித்தியாசத்தால் சின்னச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 35 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். அது முன்சக்கர டிரைவ் காரின் முன்னால் இருந்தால், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல், நேர் ரோட்டில்கூட ஓய்வில்லாமல் உழைத்துச் சூடாகும்.

நம் ஹேட்ச்பேக்குகள் அநேகமாக முன்சக்கர டிரைவ்தான். பின் டயர் பஞ்சர் என்றால் கவலையில்லை, நேராக மாட்டலாம். முன் டயர் என்றால் முதலில் பின்னால் ஒரு நல்ல சக்கரத்தைக் கழற்றி அங்கே ஒல்லி டயரை மாட்டி, அந்த நல்ல சக்கரத்தை முன்னால் கொண்டுபோக வேண்டும். இரண்டு முறை ஜாக்கி போடுவது எரிச்சலான வேலைதான். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போன்ற பின்சக்கர டிரைவ் வண்டிகளில் டிரைவ் சக்கரம் பின்னால் என்பதால் கணக்கு தலைகீழ். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் மேனுவலைப் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

ஒல்லி டயருக்குக் காற்றும் அதிகம் வேண்டும். வழக்கமாக 60 பிஎஸ்ஐ. சில கடைகளில் கேட்காமலேயே 35 வைத்து அனுப்பிவிடுவார்கள். டயரில் எழுதியிருப்பதைக் காட்டிச் சொல்லிப் பிடியுங்கள். மாட்டியபின் டேஷ்போர்டில் டயர் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். பல ஸ்டெப்னிகளில் சென்சார் இருப்பதில்லை.

இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை. ஒல்லி டயருக்கான பள்ளத்தில், கழற்றிய பெரிய அலாய் வீல் உட்காராது. அது சூட்கேஸ்களோடு டிக்கியில் ஏறும். அரிசி மூட்டை யார் மடியில் என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாவதாக ஒன்று வாங்கலாமா?

அடிக்கடி தூரப் பயணம் போகிறவர்கள் முழு அளவு ஸ்டெப்னி வாங்குவது நல்லதுதான். முதலில் டிக்கி பள்ளத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். விலை குறைவாக வேறு சைஸ் கிடைத்தால், வெளி உயரம் மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடு ஓட்டையும் பொருந்த வேண்டும். தாங்கும் எடைக்கான எண் மேனுவலில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. ரிம் ரொம்பச் சின்னதானால் பிரேக் காலிப்பரில் இடிக்கும். கடையிலேயே ஒருமுறை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வெளியே அலாய் போட்டவர்கள் பழைய நட்டு, போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். புது அலாயின் போல்ட் இரும்பு வீலில் சரியாக உட்காராமல் போகலாம். சரியாக உட்காராத போல்ட் ஓட்டத்தில் கழன்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது. ஓடாத டயரும் கிழடாகும்.

ஸ்டெப்னி என்கிற பெயரே 1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெத்லியில், ஸ்டெப்னி தெருவில் பிறந்ததுதான். அந்த முதல் ஸ்டெப்னி முழுச் சக்கரமே அல்ல. ஆரக்கால் இல்லாத வளையத்தில் டயர். அதைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் கவ்வி மாட்டி, வீடுவரை போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றிரவு நாங்களும் ஸ்டெப்னியில் காற்று பிடித்து, அங்கேயே பஞ்சரும் ஒட்டி, அலாயையே திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினோம். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை காற்று பார்க்கும்போது டிக்கியையும் காலி செய்கிறேன். ஷோரூம்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மாமனார் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.