வாய் வெண்படல நோய்

வாய் வெண்படல நோய் என்பது கேண்டிடா ஆல்பிக்கன்சு என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை வாயினுள் அளவு மீறிப் பெருகுவதால் உண்டாகும் தொற்று ஆகும். பேச்சு வழக்கில் நாக்கில் மாவு படிந்திருப்பதாகக் கூறுவர். சித்த மருத்துவத்தில் வழங்கும் அக்கரம் என்னும் சொல் இதனையும் பிற வாய்ப்புண்களையும் சேர்த்தே குறிக்கும். நலமுடன் இருக்கும் பலரின் வாயிலும் இப்பூஞ்சை தீங்கின்றி வாழ்கிறது. ஆகவே பெரியவர் ஒருவருக்கு இந்நோய் தோன்றினால், அது ஏன் இப்போது பெருகியது என்பதே முதன்மையான கேள்வி ஆகும்.

அறிகுறிகள்

நாக்கு, உட்கன்னம், மேலண்ணம் ஆகிய இடங்களில் தயிர்க்கட்டி போன்ற வெள்ளைத் திட்டுகள் காணப்படும். துணியால் துடைத்தால் அவை பெயர்ந்துவரும். அடிப்பகுதி சிவந்திருக்கும், சில வேளைகளில் இரத்தம் கசியும். எரிச்சல், சுவை குன்றுதல், காரம் தாங்காமை ஆகியனவும் இருக்கலாம். வெண்படலமே இன்றி வாய் சிவந்து காணப்படுவதும், கடைவாய் வெடிப்பதும் உண்டு. கைக்குழந்தையின் நாக்கில் மட்டும் மெல்லிய வெண்மை இருந்து எளிதில் துடைபட்டால் அது பெரும்பாலும் பால் படிவே.

துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டினை வேறாகக் கருத வேண்டும். புகையிலை, பாக்கு மெல்லுவோரிடம் அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கக்கூடும். இதற்குப் பூஞ்சை மருந்து தடவிக் காலம் கடத்துதல் தவறு.

காரணங்கள்

கைக்குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பாற்றல் முதிராமையால் இது எளிதில் வருகிறது. பெரியவர்களில் கட்டுப்படாத நீரிழிவு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், புற்றுநோய் மருத்துவம், இரவிலும் கழற்றாத பல்செட், வாய் உலர்தல் ஆகியன காரணங்களாகும். 2021 மே மாதம் கோவிட் இரண்டாம் அலையின்போது 'வெள்ளைப் பூஞ்சை' எனச் செய்தித்தாள்கள் அச்சமூட்டியது புதியதொரு நோயை அன்று; அது கேண்டிடா தொற்றே.

ஆஸ்துமாவுக்கும் நாட்பட்ட மூச்சடைப்புக்கும் பயன்படும் ஸ்டீராய்டு உறிஞ்சி மருந்தும் ஒரு காரணம். விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் ஊர்களில் இது கருதத்தக்கது. களிமண், படிகக்கல் ஆகியவற்றின் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்க வல்லது. மூச்சடைப்புக்கு இம்மருந்தை இழுப்பவர் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வெண்படலத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். மருந்தை நிறுத்துதல் கூடாது.

எச்.ஐ.வி.யும் வெண்படலமும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986ல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோர் இதில் ஈடுபட்டனர். இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. எச்.ஐ.வி. உள்ளோரிடம் மிகுதியாகக் காணப்படும் வாய் நோய்களுள் வெண்படலமும் ஒன்று. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் நீடித்த வாய் வெண்படலம் மூன்றாம் நிலையிலும், உணவுக்குழாய்க்குப் பரவியது நான்காம் நிலையிலும் வைக்கப்பட்டுள்ளன. விழுங்கும்போது வலிப்பது இப்பரவலின் குறி.

இதனால் வெண்படலம் கண்ட அனைவருக்கும் எச்.ஐ.வி. உண்டு எனக் கொள்ளலாகாது. எனினும் காரணம் விளங்காதபோது சர்க்கரைச் சோதனையுடன் இச்சோதனையையும் செய்வதே முறை. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையங்களில் இது கட்டணமின்றியும் மறைவாகவும் செய்யப்படுகிறது. கூட்டு மருந்து 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்துவருகிறது. வெட்கத்தால் சோதனையைத் தள்ளிப்போட்டவர்கள் இழந்தது அதிகம்.

மருத்துவமும் தடுப்பும்

பார்வையாலேயே பெரும்பாலும் நோய் அறியப்படும். ஐயமிருப்பின் சுரண்டலை நுண்ணோக்கியில் காண்பர். இலேசான நோய்க்கு நிசுடாட்டின் அல்லது குளோட்ரிமசோல் திரவம் வாயில் தடவப்படுகிறது. கடுமையானதற்கு புளூக்கோனசோல் மாத்திரை, பொதுவாக 7 முதல் 14 நாட்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்போர் அதனை மருத்துவரிடம் முன்பே கூற வேண்டும். முற்காலத்தில் ஊதா நிற ஜென்சியன் வயலட் பரவலாகப் பூசப்பட்டது.

பாலூட்டும் தாயின் முலைக்காம்பில் எரிச்சலோ வலியோ இருந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஒருங்கே மருத்துவம் வேண்டும். பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் வாயில் தேன் தடவலாகாது, பொட்டுலிச நச்சுக்கு இடமுண்டு. போராக்ஸ் கலந்த கிளிசரினும் குழந்தைகளுக்கு நஞ்சாகலாம். பல்செட்டை இரவில் கழற்றித் தூய்மை செய்து வைக்க வேண்டும்.