அநீதிக்கு உள்ளான பெண்களும் பேய்ப்படங்களும்

பேய்ப்படம் என்பது அச்சத்தை முதன்மை உணர்வாகக் கொண்ட திரைப்பட வகையாகும். தமிழிலும் பிற தென்னிந்திய மொழிகளிலும் வெளிவந்த பேய்ப்படங்கள் பலவற்றில் பேயாக வருபவர் ஒரு பெண். அவர் உயிரோடிருந்த காலத்தில் கொல்லப்பட்டவர். அந்தக் கொலைக்கு நீதி கிடைக்காதவர். அப்பெண் பெரும்பாலும் வேற்றுமொழி பேசுபவராகவோ, பழங்குடியினராகவோ, திருநங்கையாகவோ இருக்கிறார். அதாவது, தான் வாழும் ஊரில் தனக்காகப் பேச ஆள் இல்லாதவர். இத்தகைய கதைகள் முழுவதும் கற்பனை அல்ல. அவற்றின் பின்னணியில் உண்மையான சட்டங்களும் வழக்கங்களும் இருந்துள்ளன. இக்கட்டுரை அத்தகைய சில கதைகளையும் அவற்றின் வரலாற்றுப் பின்னணியையும் விளக்குகிறது.

பழையனூர் நீலி

இக்கதைகளுக்குத் தமிழில் மிகப் பழைய முன்மாதிரி பழையனூர் நீலியின் கதையாகும். பழையனூர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள ஊர். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கு வடமேற்கே அதிகத் தொலைவில்லாத இடம்.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பொதுவான வடிவம் இது: ஒருவன் தன் மனைவியை ஆளில்லாத இடத்திற்கு அழைத்துச் சென்று கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் பழையனூருக்கு வருகிறான். பேயாகிய நீலி, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தன் கணவன் என்று ஊரார் முன் அழுது முறையிடுகிறாள். அவன் அஞ்சி மறுக்கிறான். ஊரின் வேளாளர் எழுபது பேர், அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்களித்து அவளோடு தங்கச் செய்கிறார்கள். விடிந்ததும் அவன் இறந்து கிடக்கிறான். வாக்குத் தவறாத வேளாளர் எழுபது பேரும் தீயில் பாய்கிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சி பற்றிய குறிப்பு உள்ளது. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், பழையனூர் நீலி ஒரு சமண முனிவரால் மனம் மாறி, பிற சமயத்தாருடன் வாதிட்டு வெல்லும் அறிவுடைய பெண்ணாகிறாள்.

வேளாளர்கள் உயிர் கொடுத்து வாக்கைக் காத்த கதையாகவே இது பெரிதும் நினைவில் நின்றது. தீப்பாய்ந்தவர்களுக்குப் பழையனூரில் நினைவு மண்டபமும் உண்டு. ஆனால் முதலில் கொல்லப்பட்ட பெண்ணுக்கு மொழியில் எஞ்சியது ‘நீலிக் கண்ணீர்’ என்ற தொடர்தான். பொய்யழுகைக்கு அது பெயராயிற்று. அவள் அழுததற்கு உண்மையான காரணம் இருந்தது என்பதை அந்தத் தொடர் மறைத்துவிடுகிறது.

நீலியின் பெயரில் கேரளத்திலும் குமரிப் பகுதியிலும் கள்ளியங்காட்டு நீலி என்ற தொன்மம் வழங்குகிறது. 2025-இல் டொமினிக் அருண் இயக்கத்தில் வெளியான ‘லோகா’ என்ற மலையாளப் படம் இந்த நீலியைப் புதிதாக எழுதியது. இப்படத்தில் நீலி ஒரு பழங்குடிச் சிறுமி. கோயிலுக்குள் நுழைந்ததன் பேரில் அரசனின் ஆட்கள் அவளுடைய மக்கள் மீது பாய்கிறார்கள். இதற்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக் கோயில்களுக்குள் நுழைய அனுமதிக்கும் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்றுதான் வெளியிடப்பட்டது.

வேற்றுமொழி பேசும் நடனப் பெண்

1993-இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரதாழ்’ மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கேரளத் தறவாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட நடனப் பெண். அவள் பேசுவது தமிழ். இக்கதை பி. வாசு இயக்கத்தில் 2004-இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகவும், 2005-இல் தமிழில் ‘சந்திரமுகி’யாகவும் எடுக்கப்பட்டது. இரண்டிலும் நடனப் பெண் தெலுங்கு பேசுகிறாள். 2007-இல் வெளியான ‘பூல் புலையா’ என்ற இந்திப் படத்தில் அவள் வங்காளி.

நான்கு படங்களிலும் மொழி மாறினாலும் ஓர் ஏற்பாடு மாறவில்லை: பேய் எப்போதும் அண்டை மொழிக்காரி. மலையாளிக்குத் தமிழ்ப் பெண்ணும், தமிழருக்குத் தெலுங்குப் பெண்ணும் அச்சமூட்டுகிறார்கள். தமிழ்ப் படத்தில் வேட்டையன் என்ற அரசன் அவளைத் தன் அரண்மனைக்குக் கொண்டுவந்து, அவளுடைய காதலனைத் தலை துண்டித்து, அவளை உயிரோடு எரிக்கிறான். சொந்த ஊரும் உறவும் இல்லாத இடத்தில் அவளுக்காகக் கேட்க ஆளில்லை.

அரசர்களும் செல்வர்களும் நடனப் பெண்களைத் தம் உடைமையாகக் கருதியது வரலாற்றில் நடந்ததே. கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் சென்னைச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைதோறும் இதற்காகப் பேசினார். சட்டம் 1947-இல் தான் நிறைவேறியது.

‘சந்திரமுகி’யின் முடிவும் கவனிக்கத்தக்கது. பேய் என்று கருதப்பட்டது கங்கா என்ற பெண்ணின் மனநோய் என்று படம் விளக்குகிறது. அவளைக் குணப்படுத்த, வேட்டையனுக்குப் பதிலாக ஒரு பொம்மை எரிக்கப்படுகிறது. கங்கா குணமடைகிறாள். சந்திரமுகிக்குக் கிடைத்த நீதியோ ஒரு பொம்மைதான்.

காஞ்சனா

ராகவா லாரன்ஸ் எழுதி இயக்கி நடித்த ‘முனி 2: காஞ்சனா’ 2011 சூலையில் வெளியானது. காஞ்சனா என்ற திருநங்கையாக சரத்குமார் நடித்தார். பெற்றோரால் விரட்டப்பட்ட காஞ்சனாவுக்கு ஓர் இசுலாமியப் பெரியவர் அடைக்கலம் தருகிறார். காஞ்சனா, தன்னைப் போலவே கைவிடப்பட்ட கீதா என்ற இளம் திருநங்கையை மகளாக ஏற்று மருத்துவம் படிக்க வைக்கிறார். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட நிலம் வாங்குகிறார். அந்த நிலத்தை ஒரு சட்டமன்ற உறுப்பினர் வளைத்துப் போடுகிறார். கேட்கச் சென்ற காஞ்சனாவும், அடைக்கலம் தந்த பெரியவரும், அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகனும் கொல்லப்பட்டு அதே நிலத்தில் புதைக்கப்படுகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் வந்தபின் நிலத்தின் விலை ஏறியதைக் கண்டவர்களுக்கு இக்கதையின் அடிப்படை புதிதாக இராது. நிலம் விலைமதிப்புப் பெறும்போது, குடும்பத்தின் துணையற்றவரின் பத்திரமே முதலில் ஆட்டம் காண்கிறது.

காஞ்சனா கதையில் செய்யும் செயல்களை ஒரு பழைய சட்டத்தோடு ஒப்பிடலாம். ஆங்கில அரசின் 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, சட்டம் ‘அலிகள்’ என்று குறித்தவர்களைப் பதிவேட்டில் சேர்க்க வகைசெய்தது. இது முதன்மையாக வட இந்திய மாகாணங்களில் நடைமுறைப்படுத்தப்பட்டது. பதிவு செய்யப்பட்டவர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினால் இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். மேலும் அவர்:

1. சிறாருக்குக் காப்பாளராக இருக்க முடியாது.
2. தன் சொத்தைத் தானமாகத் தர முடியாது.
3. உயில் எழுத முடியாது.
4. மகனைத் தத்தெடுக்க முடியாது.

படம் இச்சட்டத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. எனினும் காஞ்சனா செய்ய விரும்பியவை ஏறக்குறைய இவைதான்: ஒரு பிள்ளையை வளர்ப்பது, தன் சொத்தைப் பிறருக்குக் கொடுப்பது. சட்டம் போன பின்னும் அது விதைத்த எண்ணம் சமூகத்தில் தங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் 2008-இல் அமைக்கப்பட்டது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், நால்சா வழக்கில், ஒருவர் தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையை ஏற்றது. அத்தீர்ப்பு 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எடுத்துக்காட்டியது. கீதாவைப் போலப் படித்துப் பணிக்கு வர விரும்பியவர்கள் நிஜத்தில் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகே பிரித்திகா யாசினி காவல் உதவி ஆய்வாளராக முடிந்தது.

விமர்சனங்கள்

‘காஞ்சனா’ திருநங்கையைத் தாயாகவும் கொடையாளியாகவும் காட்டியது பாராட்டுக்குரியது. ஆயினும் சில குறைகள் உள்ளன. பேய் புகுந்த நாயகனின் பெண் நடையும் பேச்சும் படத்தின் பெரும்பகுதியில் சிரிப்புக்காகவே பயன்படுகின்றன. வெளியே திருநங்கையரைக் கேலி செய்யப் பயன்படும் அதே அசைவுகள் அவை. திருநங்கை வேடத்தில் ஓர் ஆண் நடிகர் நடித்தார். அதே 2011-இல் வெளியான ‘நர்த்தகி’ படத்தில் திருநங்கையான கல்கி சுப்பிரமணியம் முதன்மை வேடத்தில் நடித்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

உலகத் திரைப்படத்தில்

நீலியின் கதையை ஒத்தது இலத்தீன் அமெரிக்காவின் ‘லா யொரோனா’ தொன்மம். இதன் பொருள் அழும் பெண் என்பதாகும். தன் பிள்ளைகளைத் தானே ஆற்றில் மூழ்கடித்து, பின் அழுதலையும் பேயாக அவள் சொல்லப்படுகிறாள். குவாத்தமாலா இயக்குநர் ஹய்ரோ புஸ்தமாந்தே 2019-இல் எடுத்த படம் இப்பழியை மாற்றியது. அப்படத்தில் பிள்ளைகளைக் கொன்றவர்கள் படையினர். அழுபவள் மாயா பழங்குடிப் பெண். 1982–83-இல் ஜெனரல் ரியோஸ் மோன்ட் ஆட்சியில் இஷில் மாயா மக்கள் கொல்லப்பட்டதே இதன் பின்னணி. 2013 மே 10 அன்று அவர் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. பத்தே நாட்களில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நீக்கியது. அந்த விசாரணையில் இஷில் பெண்கள் நேரில் சாட்சி சொல்லியிருந்தனர்.

பேய் ஏன் தேவைப்படுகிறது?

கொலை வழக்கில் முதன்மைச் சாட்சியான கொல்லப்பட்டவரால் பேச முடியாது. பேய்ப்படம் அவரைக் கூண்டில் ஏற்றிப் பேச வைக்கிறது. எனவேதான் வழக்குப் பதியப்படாத, விசாரணை நடக்காத கொலைகள் இவ்வகைக் கதைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. படம் முடியும்போது பேய் பழிதீர்த்துவிடுகிறது; பார்ப்பவரின் மனமும் அமைதி அடைகிறது. இஷில் பெண்களும் பிரித்திகா யாசினியும் உயிரோடிருக்கும்போதே நீதிமன்றத்தில் நின்று கேட்டார்கள். பேயின் சொல்லைத் திரையில் நம்பும் நாம், அத்தகைய பெண்கள் காவல் நிலையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வந்து முறையிடும்போது அதை நீலிக் கண்ணீர் என்று தள்ளாதிருப்பதே இக்கதைகளிலிருந்து கற்கவேண்டியது.